தோஹாவில் ஒரு கணவருக்கு நாற்காலி

கணவர்களை வெளியேற்றுவது என் தொழில். சொந்தக் கணவரை அல்ல, அவர் பாட்டுக்கு வீட்டில் இருக்கிறார். ஊராட்சி மன்றத் தலைவிகளின் கணவர்களைச் சொல்கிறேன். திண்டுக்கல் பக்கம் பத்து வருடமாகப் பெண் தலைவிகளுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். முதல் பாடமே, மனைவிக்குப் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கூட்ட அறைக்கு வெளியே கொண்டுபோய் விடுவதுதான். தேர்தலில் நின்றது மனைவி, ஜெயித்தது மனைவி. கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவர். ஊரும் அவரைத்தான் "தலைவரே" என்று கூப்பிடும். இவர்களை அதட்டக் கூடாது. சிரித்த முகத்தோடு முழங்கையைப் பிடித்து, "அண்ணே, வெளியில டீ வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே வாசல் வரை நடக்க வேண்டும். டீயை வேண்டாம் என்று சொன்ன தலைவி வீட்டுக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தத் திறமையின் புகழ் எப்படியோ கடல் தாண்டி, தோஹாவில் நடந்த கிராமப்புறப் பெண் தலைமை மாநாட்டுக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டி முடிந்த அடுத்த வருடம் அது. இறங்கியதும் கண்ணில் பட்டவை கிரேன்கள். கட்டிடங்களைவிடக் கிரேன்கள் அதிகம். வெளியே அடுப்படி வெக்கை, உள்ளே மார்கழிக் குளிர். பாலைவனத்துக்குப் போகிறோமே என்று பருத்திப் புடவைகளாக அடுக்கிக்கொண்டு போன நான், மூன்று நாளும் ஓட்டல் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டு திரிந்தேன். பார்த்தவர்கள் அதை ஏதோ இயக்கத்தின் அடையாளம் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலைச் சாப்பாட்டில் ஆலிவ் காய் மட்டும் ஏழு விதம். எண்ணெயில் மிதந்த வெள்ளை உருண்டைகளைக் குட்டி இட்லி என்று நம்பி நாலு எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாயில் வைத்த பிறகுதான் அது புளித்த தயிர்க்கட்டி என்று தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் முகம் போன போக்கைப் பார்த்து, தன் தட்டிலிருந்த அவித்த முட்டையை என் பக்கம் தள்ளினாள்.

டொமிங்காவை நான் சந்தித்தது அப்படித்தான். பொலிவியா நாட்டு மலை உச்சியிலிருந்து வந்தவள், ஐமாரா இனத்துக்காரி. என் வயதுதான் என்பதால் உரிமையோடு அவள் என்றே எழுதுகிறேன். தலையில் கறுப்பு வட்டத் தொப்பி, இரட்டைச் சடை, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு கொசுவப் பாவாடை, முதுகில் முடிந்த வண்ணத் துணி. பக்கத்தில் சிவப்புப் போர்வை ஒன்றைக் கழுத்து வழியாக மாட்டியிருந்த குள்ளமான மனிதர். அவர்தான் அவள் கணவர் பெலிசியானோ. இவர்கள் இருவருக்கும் சேர்த்து ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளராக கார்லா என்ற பெரு நாட்டுப் பெண்ணைப் பிடித்திருந்தார்கள். கார்லாவுக்கு உண்மையான வேலை விமானத்தில். லீவு நாளில் இது. அதனால் அவள் எதை மொழிபெயர்த்தாலும் இருக்கை வாரை மாட்டிக்கொள்ளச் சொல்வது போலவே கேட்கும்.

"இந்த முட்டை உங்களுக்கானது. உங்கள் காலை இனிதாக அமைய டொமிங்கா விரும்புகிறார்" என்றாள் கார்லா. டொமிங்கா சொன்னது, "திங்கச் சொல்லு, வெளிறிப் போயிருக்கா" என்பதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இனி டொமிங்கா பேசியதையெல்லாம் என் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். கார்லாவின் ஆங்கிலத்தைவிட அது மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

தொடக்க விழாவில் ஆறு பேர் பேசினார்கள். ஐந்து பேர் ஆண்கள். பெண்கள் எப்படி முன்னுக்கு வரவேண்டும் என்பதை ஐவரும் ஒருமனதாக விளக்கினார்கள். ஆறாவது, ஒருங்கிணைப்பாளர் அம்மையார். தான் எந்த நாட்டுக்காரர் என்பதையே மறந்துவிடும் அளவுக்குப் பல நாடுகளில் மாநாடு நடத்தியவர். நேரம் போய்விட்டதால் அவர் நன்றி மட்டும் சொன்னார். செலவையெல்லாம் ஏற்றுக்கொண்டது ஒரு சுரங்க நிறுவனம். அதன் அதிகாரி, சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவர், பெண்கள் பூமியைப் போன்றவர்கள் என்று உருகினார். பூமியை அவர் நிறுவனம் என்ன செய்கிறது என்பது கைதட்டியவர்களில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும்தான்.

அன்று பத்தரை மணிக்குக் கிராமத் தலைவிகளின் தனி அமர்வு. சின்ன அறை, வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி, நான் நெறியாளர். டொமிங்கா வந்தாள். பின்னாலேயே பெலிசியானோவும் வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கை அரித்தது. பதினாலாயிரம் அடி உயரத்திலிருந்து வந்தாலும் தலைவி வீட்டுக்காரர் தலைவி வீட்டுக்காரர்தான் என்று நினைத்தேன். எழுந்து போய்ச் சிரித்த முகத்தோடு முழங்கையைப் பிடித்தேன். "சார், வெளியில காபி வந்திருக்கு." அவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் கை சொல்வது எந்த ஊர் ஆணுக்கும் புரியும். மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது பத்து நாட்டுத் தலைவிகள் எனக்குக் கைதட்டினார்கள். டொமிங்கா தட்டவில்லை. மொழி புரியாமல் தட்டாமல் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் முறை வந்தது. எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"இப்போது சொல்வதற்குத் தன்னிடம் எதுவும் இல்லை என்கிறார். உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றாள் கார்லா.

அறை ஒரு கணம் விழித்தது. பிறகு மூலையிலிருந்து ஒருவர், "எவ்வளவு வலிமையான மௌனம்" என்றார். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மையார் கைக்குட்டையால் கண்ணை ஒற்றியதைக்கூடப் பார்த்தேன். அவள் வாயை மூடியது நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெலிசியானோவைக் காணவில்லை. டொமிங்கா மாடி, தோட்டம், ஆண்கள் கழிப்பறை வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.   வெளியே அனுப்பியது நான் என்பதால் தேடுவதும் என் வேலையாயிற்று. செக்யூரிட்டி மேஜையில் விசாரித்தேன். அந்த ஆள் கணினியைப் பார்த்துவிட்டுத் தெம்பாகச் சொன்னார்: "விருந்தாளி யாரும் காணாமல் போகவில்லை மேடம். ஒரு நேபாளித் தொழிலாளி போர்வையைப் போர்த்திக்கொண்டு வராந்தாவில் சும்மா நின்றுகொண்டிருந்தான். 'சலோ பாய், ஜல்தி' என்று ஷிப்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்."

குள்ளமான உருவம், மாநிறம், கன்ன எலும்பு தூக்கிய முகம், பேசாத வாய். தோஹாவில் அதற்குப் பெயர் நேபாளி. அடையாள அட்டை கழுத்தில் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். அட்டையை டொமிங்காவுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தார்கள்.

பின்வாசலில் வெள்ளை பஸ்கள் நின்றன. ஒரு டிரைவர் போனில் ஆட்டுக்குட்டி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நல்ல முதுகுளத்தூர்த் தமிழில். ஓடிப்போய் நின்றேன். பெயர் அய்யாத்துரை.

"செவப்புப் போர்வைக்காரரா? நம்ம வண்டியிலதான்க்கா ஏத்திவிட்டாய்ங்க. பேச்சு மாஃபி, ஒரு வார்த்தை வரல. இந்த வெயில்ல போர்வைன்னா காய்ச்சக்காரருன்னு நெனச்சு முன் சீட்டுல ஒக்கார வச்சேன். கேம்ப்ல எறக்கிவிட்டு, நேபாளிப் பயலுககிட்ட, அண்ணனுக்குக் கஞ்சி வச்சுக் குடுங்கடான்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவர் நேபாளி இல்லை. தென் அமெரிக்கா."

அய்யாத்துரை போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "அமெரிக்கா ஆளையா கேம்ப்ல எறக்கிட்டேன்? சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா நம்ம டூட்டி கலாஸ், முடிஞ்சுதுக்கா."

ரெண்டு மணி ட்ரிப்பில் டொமிங்கா, கார்லா, நான் மூவரும் ஏறினோம். கத்தாரிலேயே குளிரூட்டியைக் கொஞ்சமாக வைத்திருக்கும் வாகனம் அதுதான். என் குளிர் அங்கேதான் விட்டது. நகரம் முடிந்து, கண்ணாடிக் கட்டிடங்கள் முடிந்து, தகரக் கொட்டகைகளும் டயர்க் கடைகளுமாகத் தொழிற்பேட்டை வந்தது. கேம்ப் கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் குறுக்கே நீட்டினார். "லேடீஸ் மாஃபி."

பன்னிரண்டு நாட்டுப் பெண் தலைமை பற்றிக் காலையில் பேசிவிட்டு வந்த நாங்கள் பேசாமல் கேட்டுக்கு வெளியே நின்றோம். அய்யாத்துரை உள்ளே போனார். கம்பி வழியாகப் பார்த்தால், நான் வாழ்நாளில் காணாத காட்சி. நூற்றுக்கணக்கான ஆண்கள். ஒருவர் துணி துவைக்கிறார், ஒருவர் வெங்காயம் உரிக்கிறார், ஒருவர் ரூம் வாசலைக் கூட்டுகிறார், இன்னொருவர் அவரிடம் மூலையில் தூசி இருக்கிறது என்று குறை சொல்கிறார். ஒருவர்கூடச் சாப்பாடு ஆச்சா என்று யாரையும் அதட்டவில்லை. ஆண்களுக்கு வீட்டு வேலை வராது என்று சொல்பவர்களை இந்த கேட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

டொமிங்காவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இவங்க ஜோடியெல்லாம் எங்க?" என்று கேட்டாள். ஊரில் என்றேன்.

"அப்ப ஊருல யாரு சபையில உக்காருவா?"

அதற்குள் பெலிசியானோ வந்துவிட்டார். கையில் உருளைக்கிழங்கு உரிக்கும் கத்தி. திருப்பிக் கொடுக்க மறந்து வந்துவிட்டார். உள்ளே பெரிய விவாதமாம். அவர் நேபாளத்தில் எந்த மாவட்டம் என்று எட்டு பேர் கூடிப் பேசி, மேற்கே ரொம்ப உயரத்தில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கு, அந்தப் பேச்சு இங்கே யாருக்கும் விளங்காது என்று முடிவு செய்திருக்கிறார்கள். உயரம் என்ற மட்டில் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். நல்ல சாப்பாடு போட்டார்களாம். ராத்திரிக்கு அவருக்கு ஒரு கட்டிலும் ஒதுக்கியாயிற்றாம்.

திரும்பும் வழியில்தான் டொமிங்கா பேச ஆரம்பித்தாள். அய்யாத்துரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதைப் பின்னால் வைத்திருந்தார், அவருக்காக நான் தமிழிலும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் மலையில் தலைமைப் பதவி என்பது ஆளுக்கு இல்லை, ஜோடிக்கு. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வரும். முறை வந்தால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு வருடம் பதவியில் உட்கார வேண்டும். தனியாள் சொல் ஊர்ச்சொல் ஆகாது. பதவி வருடத்தில் அந்தச் சிவப்புப் போர்வையைக் கழற்றக் கூடாது, அவளும் முதுகுத் துணியை இறக்கக் கூடாது. கல்யாணம் ஆவதற்கு அவர்கள் மொழியில் இருக்கும் வார்த்தைக்கு அர்த்தமே ஆளாவது என்றுதானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் பெண் மட்டும்தான் ஆளாவாள், அதுவும் பதிமூன்று வயதில், தென்னை ஓலை கட்டி மூலையில் உட்கார வைப்பார்கள். ஆணுக்கு அந்தத் தொல்லை கிடையாது, பிறக்கும்போதே ஆள்தான். இதை கார்லாவிடம் விளக்கினேன். அவள் இதற்கு விமான வார்த்தை தேடித் திணறிப்போனாள். எப்படியோ சொல்லி முடித்தபோது டொமிங்காவும் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

"ஜோடியா உட்காருறது பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா பேசுறது யாரு? எங்க அம்மா உட்கார்ந்தா, அப்பா பேசினாரு. எங்க மாமியா உட்கார்ந்தா, மாமன் பேசினாரு. பக்கத்துல வாயை மூடிட்டு உட்காருறதுதான் பொம்பளைக்குப் பதவி. எங்க முறை வந்தப்ப நான் சபையில எந்திருச்சுச் சொன்னேன், இந்த வருசம் நான் பேசுறேன், இவரு பக்கத்துல உட்காரட்டும்னு. மூணு நாள் சண்டை. இவரை என்னென்னமோ சொன்னாங்க. பாவாடை கட்டிக்கடான்னாங்க. இவரு போர்வையை மாட்டிட்டு வந்து உட்கார்ந்தாரு. வாயைத் தொறக்கல. இப்ப எட்டு மாசம் ஆச்சு."

பெலிசியானோ ஜன்னல் வழியே கிரேன்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீ இவரை வெளிய அனுப்பிட்ட. இவரு இல்லாத எடத்துல நான் பேசினா அதுல என்ன இருக்கு? புருசன் இல்லாதப்ப எல்லாப் பொம்பளையும் பேசுவா."

 பத்து வருடமாக நான் கொடுத்த பயிற்சி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது போலிருந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

அய்யாத்துரை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அக்கா, நம்ம சம்சாரம் ஊருல வார்டு மெம்பரு. கூட்டத்துல நல்லாப் பேசுறாளாம். போன்ல சொல்லுவா, இன்னிக்கு பி.டி.ஓ.வையே கேட்டுப்புட்டேன்னு."

என் ஆங்கிலம், கார்லாவின் ஸ்பானிஷ் என்று இரண்டு கை மாறி இதைக் கேட்ட டொமிங்கா முன் சீட்டுக்குச் சாய்ந்தாள். "நீ ஊருக்குப் போனப்பறமும் பேசுவாளா?"

அய்யாத்துரை கியரை மாற்றினார். ஒரு ரவுண்டானா முழுவதும் சுற்றி முடித்துவிட்டுத்தான் பதில் வந்தது. "போனாத்தான் தெரியும்க்கா."

அவர்கள் எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதையும் அந்தப் பயணத்தில்தான் கேட்டேன். அவர்கள் ஏரிக்கு மேலே உள்ள மலையைத் தோண்டப் போவது நம் புரவலர், சாம்பல் கோட்டுக்காரரின் நிறுவனம்தான். ஏரி போனால் லாமா மந்தை போகும், உருளைக்கிழங்கு போகும், ஊர் போகும். நிறுவனத்து ஆட்கள் மலைக்கு வந்தால் பெலிசியானோவைத்தான் தனியாக ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறார்கள். டொமிங்காவிடம் குழந்தைகள் எத்தனை என்று விசாரிக்கிறார்கள். மாநாட்டு அழைப்பு வந்தபோது ஊர் முடிவு செய்தது: இருவரும் போங்கள், பெரிய ஆளின் முகத்துக்கு நேராக ஊர்ச்சொல்லைச் சொல்லிவிட்டு வாருங்கள். கடைசி நாள் மேடையில் அவளுக்கு ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். தொப்பியைப் பார்த்துத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

இரண்டாம் நாள் ஒருங்கிணைப்பாளர் அம்மையாரைப் பிடித்தேன். மேடையில் இன்னொரு நாற்காலி வேண்டும், அவள் கணவருக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா கேட்கிறீர்கள்? உங்களை அழைத்ததே கணவர்களை வெளியேற்றுவதற்காக."

"ஆமாம் மேடம். இவர் வேறு மாதிரிக் கணவர்."

"எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள்." அவர் பேனாவை மூடினார். "நிறைவு விழா மேடை பெண்களுக்கு மட்டும். செய்தி குழம்பிவிடும்."

நிறைவு விழாவில் சாம்பல் கோட்டுக்காரரும் மேடையில் இருக்கிறாரே என்று கேட்டேன். அவர் ஆணாக வரவில்லை, புரவலராக வருகிறார் என்று விளக்கம் வந்தது. தொடக்க விழாவில் பேசிய மற்ற நான்கு ஆண்களும் விருந்தினர்களாக வந்தவர்கள். ஆக, மாநாட்டில் ஆணாக இருந்த ஒரே ஆள் பெலிசியானோதான் என்று புரிந்தது.

மனசு கேட்காமல் மதியம் இருவரையும் கார்லாவோடு நஜ்மாவுக்கு அழைத்துப் போனேன். நம்மவர்கள் கடைகள் நிறைந்த பழைய பகுதி. கீழக்கரைக்காரர் ஒருவரின் ஓட்டலில் நாலு சாப்பாடு சொன்னேன். உருளைக்கிழங்குப் பொரியலைக் கண்டதும் இருவரும் உற்சாகமாகி, இது என்ன என்று கேட்டார்கள். உருளைக்கிழங்கு என்றேன். அது தெரியும், அதில் எது என்றார்கள். உருளைக்கிழங்குதான் என்றேன். பெயர் என்ன என்றார்கள். முதலாளியைக் கேட்டேன். அவர் கல்லாவிலிருந்தே, "மூட்டைல வர்ற கிழங்குதாம்மா, அதுக்குப் பேரு வேறயா" என்றார். டொமிங்கா அந்தக் கடைக்காரருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டாள். அவர்கள் வயலில் மட்டும் இருபதுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் பெயர். மருமகளை அழ வைக்கும் கிழங்கு என்று ஒன்று, தோலுரிக்கக் கஷ்டமாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பேச்சைக் காட்டச் சொன்னாள். நானும் அதே மேடையில் பேச வேண்டியவள். தலைப்பு, கணவர்களை வெளியேற்றிய பத்தாண்டுகள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம், அழகாக டைப் அடித்தது. கார்லா வாசித்துவிட்டு, நல்ல ஆங்கிலம் என்றாள்.

"நீ எழுதினதா?" என்று கேட்டாள் டொமிங்கா.

பொய் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததுமே உண்மை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அவர் எழுதியது. நான் சொல்லச் சொல்ல எழுதினார் என்றுகூடச் சொல்ல முடியாது, நான் அப்போது பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். டொமிங்கா சிரிக்கவில்லை. தாள்களை அடுக்கி, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மேடையில் ஐந்து நாற்காலிகள். நடுவில் சாம்பல் கோட்டுக்காரர். ஒரு பக்கம் அம்மையாரும் வேறொரு தலைவியும், மறு பக்கத்து இரண்டும் டொமிங்காவுக்கும் எனக்கும். எங்கள் பெயர்ச் சீட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பெலிசியானோ பார்வையாளர் வரிசையில், போர்வையோடு. டொமிங்கா அறிவிப்பைக் கேட்டும் மேடைக்குப் போகவில்லை, படிக்கட்டின் கீழேயே நின்றாள். பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். அவள் கணவரைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள். பதினாலாயிரம் அடியிலிருந்து இறங்கி வந்து, ஒரு நாற்காலி இல்லாமல் அவள் திரும்பிப் போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

இறங்கிப் போனேன். பெலிசியானோவின் முழங்கையைப் பிடித்தேன். பாவம், மறுபடி காபிக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கதவுப் பக்கம் திரும்பினார். இழுத்து, படியேற்றி, என் பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார வைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மையார் எழுந்து பல்லைக் கடித்தபடி என்னிடம் வந்தார். நான் சிரித்த முகத்தோடு அவர் முழங்கையைப் பிடித்து, "மேடம், வெளியே காபி வந்திருக்கிறது" என்றேன். இரண்டு அடி நடந்தும்விட்டார். அதற்குள் டொமிங்கா மைக் முன்னால் போய்விட்டாள். நான் மேடைப் படியிலேயே, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரின் நான்கு பக்க ஆங்கிலம் கைப்பையிலேயே இருந்தது.

ஏழு நிமிடம் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஏரியின் பெயரைச் சொன்னாள். அதில் தண்ணீர் குடிக்கும் ஊர்களின் பெயர்களைச் சொன்னாள். தோண்டப் போகும் நிறுவனத்தின் பெயரையும் சொன்னாள். முன்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்திருந்த கார்லா முதல் இரண்டு வாக்கியம் விமானக் குரலில்தான் மொழிபெயர்த்தாள். மூன்றாவதில் அந்தக் குரல் போய்விட்டது. பெரு நாட்டு மலைப் பெண்ணின் குரல் ஒன்று அவளுக்குள் இருந்திருக்கிறது. "இது என் பேச்சு இல்லை. நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து சொல்ற ஊர்ச்சொல்லு. எங்க மலையைத் தொடாதீங்க." பேசிவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் கோட்டுக்காரரைப் பார்த்தார்கள். அனுபவஸ்தர், முகம் மாறவில்லை. மைக்கை எடுத்து, டொமிங்காவுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பெலிசியானோவிடம் கேட்டார்.

"உணர்ச்சிகரமான பேச்சு. ஐயா, நீங்கள் ஊர்த் தலைவர். நடைமுறையாகச் சொல்லுங்கள். திட்டத்துக்கு உங்கள் சம்மதம் உண்டா?"

கார்லா மொழிபெயர்த்தாள். பெலிசியானோ கேட்டுக்கொண்டார். நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கோட்டுக்காரர் புன்னகையோடு காத்தார். கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து, மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தைகளில் இன்னொரு முறை கேட்டார். கார்லாவும் இன்னொரு முறை சொன்னாள். பெலிசியானோவின் கழுத்தில் வியர்வை இறங்கிப் போர்வைக்குள் போனது. அந்தக் குளிரில். பதில் தெரியாதவரின் முகம் இல்லை அது. எட்டு மாதமாக ஊரே கேலி செய்தும் திறக்காத வாய். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் படியிலிருந்து பார்த்தேன்.  ஐயோ, பேசிவிடாதே அண்ணே என்று தமிழில் முணுமுணுத்தேன்.

அவர் உட்கார்ந்திருந்தார்.   கோட்டுக்காரரின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வேறு வழியில்லாமல் நாற்காலியை அரை வட்டம் திருப்பி, முதல் முறையாக டொமிங்காவின் முகத்தைப் பார்த்தார். அதே கேள்வியை அவளிடம் கேட்டார்.

"ஜனிவா" என்றாள் டொமிங்கா, தலையை இடமும் வலமுமாக ஒருமுறை அசைத்து.

அது ஸ்பானிஷ் இல்லை, அவர்கள் சொந்த மொழி. கார்லாவுக்கு அந்த மொழி தெரியாது. மைக்கை வாய் வரை கொண்டுபோனவள், தயங்கி, மடியில் இறக்கிக்கொண்டாள். மொழிபெயர்க்கச் சொல்லி அரங்கத்தில் யாரும் கேட்கவில்லை.